ஊனும் சோறும்: உணவு மாற்றத்தின் வரலாறு

தலைநகருக்குக் குடிபெயர்ந்து வந்த தமிழர், குடியிருக்க வீடு கிடைத்த மறுநாளே தேடியது நல்ல அரிசிக் கடையைத்தான் என்று நம் மூத்தோர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. வேடிக்கையாயினும் அதில் உண்மை உண்டு. இந்தியத் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. 1931-இல் புதுதில்லி முறைப்படி திறந்துவைக்கப்பெற்றது. அரசாங்க அலுவல்களை நாடித் தென்னாட்டார் வந்தனர். கோல் மார்க்கெட், கரோல்பாக், லோதி காலனி, பின்னர் இராமகிருஷ்ணபுரம் என்று குடியேறினர். சுற்றிலும் கோதுமை விளையும் நாடு. அண்டை வீட்டில் ரொட்டி வாட்டும் மணம். ஆயினும் நம் வீட்டு அடுப்பில் உலை கொதித்தது அரிசிக்காகவே. மொழியையும் சோற்றையும் தில்லித் தமிழர் கைவிட்டதில்லை. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது முன்னதற்குச் சான்று. நம் இல்லங்களின் அடுக்களை பின்னதற்குச் சான்று.

இன்று அந்தச் சோற்றையே விட்டுவிடுக என்னும் குரல் ஒன்று எழுந்துள்ளது. அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு முதலிய மாவுப்பொருள்களை மிகமிகக் குறைத்து, இறைச்சி, மீன், முட்டை, வெண்ணெய் ஆகியவற்றையே பேருணவாகக் கொள்ளும் முறை அது. 2010-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் 'பேலியோ' என்னும் பெயரால் அது தமிழ்நாட்டில் பரவியது. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' என்னும் நூல் அதனைப் பல இல்லங்களுக்கு அறிமுகம் செய்தது. அந்த அலை யமுனைக் கரைக்கும் வந்து சேர்ந்துள்ளது.

எங்கள் காலனியில் வாழும் மூத்த நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வருபவர். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் இட்லி, சோறு, சப்பாத்தி அனைத்தையும் ஒருசேர நிறுத்தினார். கொழுப்பு நீக்கிய கோழியும் அவித்த முட்டையுமே அவர் உணவாயின. மாத்திரையின் அளவை மட்டும் அவர் மாற்றவில்லை. மருத்துவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கச் சென்ற இடத்தில் உடல் வியர்த்து, கை நடுங்கி, நிற்கமாட்டாமல் தரையில் அமர்ந்துவிட்டார். உடனிருந்தோர் சர்க்கரை கரைத்துக் கொடுத்தமையால் தேறினார்.

அன்று மாலை அவர் வீட்டில் கூடிய நண்பர்களிடையே பெரியதொரு வழக்கு எழுந்தது. "நம் முன்னோர் ஊன் உண்டு வாழ்ந்தவர்தாமே, இதில் என்ன தீங்கு?" என்றனர் ஒரு சாரார். "சோறன்றோ தமிழன் உடம்பு, அதை விட்டதன் பயன் இதுதான்" என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் வரலாற்றையே துணைக்கு அழைத்தனர். வரலாறு உண்மையில் கூறுவது யாது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்ககாலப் பந்தி

பழந்தமிழர் ஊன் உண்டனர் என்பதில் ஐயமில்லை. கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையில், அவ்வேந்தன் தன்னை நாடி வந்த பொருநர்க்கு அளித்த விருந்து விரிவாகக் கூறப்படுகின்றது. ஆட்டின் தொடைக்கறியும், கோலிற் கோத்துச் சுட்ட இறைச்சியும் அவர்களுக்கு நாள்தோறும் படைக்கப்பட்டன. தின்று தின்று பற்களே மழுங்கிப்போயின என்று அப்பொருநன் கூறுகின்றான். இவ்வளவும் நம் நண்பருள் ஒரு சாரார் எடுத்துக்காட்டக்கூடியதே. ஆனால் அவர்கள் எடுத்துக்காட்டாத பகுதியும் அப்பாட்டில் உண்டு. ஊன் தின்று சலித்தவர்க்கு அரசன் நல்லரிசிச் சோறும் கறிவகைகளும் அளித்து உபசரித்தான். ஊன் அங்கே பெருவிருந்து, தனியுணவு அன்று.

பெரும்பாணாற்றுப்படையைப் பார்ப்போம். தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணன் வழிநெடுகப் பெறும் உணவுகளை அந்நூல் நிரல்படக் கூறுகின்றது. எயினர் குடியில் புல்லரிசிச் சோறும் உப்பிட்ட ஊனும். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும். உழவர் குடியில் நெற்சோறும் கோழியும். அந்தணர் இல்லத்தில் ஊனின்றி நெற்சோறும் மாவடுவும். நிலம் தந்ததையும் குடியின் ஒழுக்கம் ஏற்றதையும் ஒவ்வொருவரும் உண்டனர். பின்னர்த் திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமும், மருந்து என்னும் பெயரில் அளவறிந்து உண்பதற்கென மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆகவே ஊனுண்டோரும் நம் முன்னோரே. ஊன் மறுத்தோரும் நம் முன்னோரே. தானியத்தை அறவே விலக்கி வாழ்ந்த தமிழ்க்குடியைச் சங்கப் பாட்டுகள் நமக்குக் காட்டவில்லை. மாவுப்பொருளை விலக்கும் முறை வேறொரு வழியில் வந்தது. அது மருத்துவத்தின் வழி.

மருத்துவர் கண்ட வழி

நீரிழிவு புதிய நோயன்று. சிறுநீர் தேன்போல் இனிப்பதையும் அதனை எறும்பு மொய்ப்பதையும் நம் நாட்டுப் பண்டை மருத்துவர் கண்டனர். அதனாலேயே மதுமேகம் என்று பெயரிட்டனர். சுசுருதர் இந்நோயை இருவகையாகப் பிரித்தார்: பிறவியிலேயே வருவது ஒன்று, முறையற்ற உணவால் வருவது மற்றொன்று. முன்னதனை உடையோர் மெலிந்தவர், பின்னதனை உடையோர் பருத்தவர் என்றும் குறித்தார். இக்காலத்து மருத்துவம் கூறும் இருவகை நீரிழிவையும் இது பெரிதும் ஒத்திருப்பது வியப்பே. சரக சங்கிதை இந்நோயர்க்கு வாற்கோதுமையையும், பயறு வகைகளையும், வறண்ட நிலத்து விலங்கு பறவைகளின் இறைச்சியையும் விதித்தது. கரும்பும் வெல்லமும் புதுநெல்லும் தயிரும் மிகுந்த உணவு நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

மேனாட்டில் 1797-இல் ஜான் ரோலோ என்னும் பிரித்தானியப் படை மருத்துவர், நீரிழிவுற்ற ஓர் இராணுவ அதிகாரிக்கு மாவுப்பொருளைப் பெரும்பாலும் நீக்கி, இறைச்சியும் கொழுப்புமே மிகுந்த உணவை அளித்த வரலாற்றை நூலாக வெளியிட்டார். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது, நோயாளி தேறினார். ஆயினும் அவ்வுணவில் நோயாளர் நிலைத்து நிற்பதே பெரும்பாடு என்பதையும் அவர் கண்டார். உணவை எழுதிக்கொடுப்பது எளிது, உண்ணவைப்பது அரிது.

அடுத்து வந்தவர் மருத்துவர் அல்லர். லண்டன் நகரில் ஈமச்சடங்கு ஏற்பாடுகள் செய்யும் தொழில் புரிந்த வில்லியம் பாண்டிங் என்பவர் உடல் பருத்து, குனிந்து காலணியின் வாரைக் கட்டவும் இயலாமல் துன்புற்றார். காது கேளாமைக்கு மருந்து தேடிச் சென்றவரை, வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவர் ஆராய்ந்து, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார். 1862 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டில் பாண்டிங் ஏறத்தாழ 46 பவுண்டு எடை குறைந்தார். 1863-இல் அவர் எழுதி அச்சிட்ட சிறு வெளியீடு நாடெங்கும் பரவியது. அதில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவர் ரொட்டியை முற்றும் விடவில்லை. இறைச்சியோடும் மீனோடும் வாட்டிய ரொட்டித் துண்டு ஒன்று நாள்தோறும் அவர் தட்டில் இருந்தது. பசித்து வருந்தவுமில்லை. அதனாலேயே அம்முறை அவருக்கு நிலைத்தது.

1870-71-இல் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டு உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, தம் நீரிழிவு நோயாளர் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை பூஷார்தா என்னும் மருத்துவர் கவனித்தார். மாவுப்பொருளைக் குறைத்தலும், குறைவாக உண்ணலும், உடல் உழைப்பும் அவர் கொள்கையாயின. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்பவர் இதனை எல்லை கடந்து கொண்டுசென்றார். நோயாளர் எலும்பும் தோலுமாயினர். உயிர் சில காலம் நீண்டது, ஆனால் அது பட்டினியோடு நீண்ட உயிர். 1922 ஜனவரியில் டொராண்டோ நகர மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதனோடு அக்கொடுமை முடிந்தது. இன்சுலினைக் கண்டவர்களுள் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங், முன்னர்க் கூறிய பாண்டிங்கின் வேறானவர்.

பனிநாட்டுப் பாடம்

மேற்கூறியோர் அனைவரும் மாவுப்பொருளைக் குறைத்தவர்கள். ஏறத்தாழ முற்றிலும் விட்டு, ஊனையே உண்டு வாழ்ந்தோர் எங்கே உளர் என்று தேடினால், பயிர் விளையாத வடதுருவப் பனிநாட்டுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கு வாழும் இனுயிட் மக்களிடம் சென்று, அவர்களைப்போல் உண்டு திரும்பிய வெளிநாட்டார் இருவரின் வரலாறு நமக்கு வேண்டிய பாடத்தைத் தருகின்றது.

முதல்வர் அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஷ்வாட்கா. துருவத்தில் மறைந்துபோன ஃபிராங்க்ளின் குழுவினரின் சுவடுகளைத் தேடி 1878 முதல் 1880 வரை அவர் பயணம் செய்தார். பனிவண்டிகளில் 3,000 மைலுக்கு மேற்பட்ட வழிநடை. கையிலிருந்த மாவும் ரொட்டியும் தீர்ந்தபின், வேட்டையில் கிடைத்த பனிமானின் இறைச்சியே பேருணவு. தொடக்கத்தில் அவ்வுணவு உடம்புக்குப் போதவில்லைபோல் தோன்றிற்று, தளர்ச்சி மிகுந்தது, கடும் உழைப்புக்கு உடல் ஒத்துழைக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் அத்தளர்ச்சி நீங்கிவிட்டது என்று அவர் தம் குறிப்பில் எழுதிவைத்தார். உணவு மாற்றத்துக்கு உடம்பு கேட்கும் தவணையை இவ்வளவு தெளிவாக முதலில் பதிந்தோருள் அவர் ஒருவர்.

இரண்டாமவர் வில்யால்மர் ஸ்டெஃபான்சன். கனடாவில் பிறந்த இவர் இனுயிட் மக்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, மீனும் இறைச்சியுமே உண்டு நலமாயிருந்தார். நகரத்து மருத்துவர் நம்பவில்லை. ஆகவே 1928-இல் நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனையில் ஆண்டர்சன் என்னும் தம் தோழருடன் சேர்ந்து சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஓராண்டுக்காலம் இருவரும் இறைச்சியையே உண்டனர். சோதனையின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்த்தனர். சில நாள்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டன. கொழுப்புள்ள இறைச்சியைக் கொடுத்ததும் இரண்டு நாள்களில் தேறினார். அவர்கள் பெற்ற ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்தே வந்தது. ஓராண்டு முடிவில் இருவரும் நலமாகவே இருந்தனர் என்று 1930-இல் மருத்துவர்கள் அறிவித்தனர். இருவரைக் கொண்டு நடந்த சோதனையே இது. ஊரார் அனைவர்க்கும் விதியாகாது. ஆயினும், இயலாது என்று கருதப்பட்டது இயலும் என்பதை அது காட்டிற்று.

இவ்விருவர் கண்டதன் காரணத்தை இன்றைய உடலியல் விளக்குகின்றது. நம் கல்லீரலிலும் தசைகளிலும் சர்க்கரையானது கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது. அது தன் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைத் தன்னோடு வைத்திருக்கின்றது. மாவுப்பொருளை நிறுத்தியதும் இச்சேமிப்பு கரைகின்றது, நீர் வெளியேறுகின்றது. முதல் வாரத்தில் எடை விரைந்து குறைவதைக் கண்டு மகிழ்வோர், குறைந்ததில் பெரும்பகுதி நீர் என்பதை அறிதல் வேண்டும். இன்சுலின் சுரப்பு தாழ்வதால் சிறுநீரகம் உப்பையும் மிகுதியாக வெளியேற்றுகின்றது. தலைவலி, தலைசுற்றல், களைப்பு, கால் இசிவு ஆகியன இதனால் வருவன. இதற்கிடையில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருளை ஆக்குகின்றது. மூளையும் தசையும் அதனை எரித்து இயங்கப் பழகுகின்றன. இப்பழக்கத்துக்கு வேண்டிய நாள்களே ஷ்வாட்கா கண்ட இரண்டு மூன்று வாரங்கள். கொழுப்பில்லா ஊனை மட்டும் உண்டால், மிகுதியான புரதத்தைக் கல்லீரல் சமாளிக்க இயலாது. அதுவே ஸ்டெஃபான்சனுக்கு நேர்ந்த துன்பம். எங்கள் நண்பரின் தோல் நீக்கிய கோழியிலும் அதன் சாயல் உண்டு.

குன்னூர்ச் சோதனை

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். சோற்றையும் ரொட்டியையும் இறைச்சியையும் ஒப்பிட்டு ஆராய்ந்த புகழ்பெற்ற சோதனை ஒன்று நீலகிரியில் குன்னூரில் நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் அங்குப் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி நிலையமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகின்றது.

1920-களில் மெக்காரிசன் எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இந்திய வட்டாரத்தின் உணவை அளித்தார். பஞ்சாபிச் சீக்கியரின் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். சென்னை மாகாணத்து ஏழையர் உணவை உண்டவற்றின் எடை 155 கிராம். நம்மவர் மனம் சுருங்கும் செய்திதான். பஞ்சாபியரிடையே வாழும் தில்லித் தமிழர்க்கு இச்செய்தி இன்னும் சற்று உறைக்கும். ஆனால் சீக்கியர் உணவில் இருந்தவை எவை? தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை சிறிது இறைச்சி. ஆகவே வென்றது இறைச்சி மட்டும் அன்று. தோற்றதும் சோறு மட்டும் அன்று. பாலும் பருப்பும் காயும் இல்லாமல், தீட்டிய அரிசியே வயிற்றை நிரப்பிய வறுமையுணவுதான் தோற்றது.

அரிசியைத் தீட்டத் தீட்ட அதன் உயிர்ச்சத்து போகின்றது என்பதும், புழுங்கலரிசி அதனைப் பெரிதும் காத்துக்கொள்கின்றது என்பதும் பெரிபெரி ஆராய்ச்சியால் தெளிவாயின. ஆந்திரக் கடற்கரையில் ஆலைப் பச்சரிசி உண்டோரை வாட்டிய அந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழ்நாட்டை அவ்வாறு வாட்டவில்லை. நம் பாட்டியர் நெல்லை அவித்துக் காயவைத்தது வீண்வேலை அன்று.

தந்தையும் மைந்தரும்

1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். இராயபுரத்தில் அவர் அமைத்த மருத்துவமனை பின்னர் நாடறிந்த நீரிழிவு ஆராய்ச்சி மையமாயிற்று. சோறுண்ணும் மக்களிடம் சோற்றைப் பிடுங்கினால் அவர்கள் மருத்துவத்தையே விட்டுவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். தானியத்தோடு பயறும் காயும் நார்ச்சத்தும் மிகுந்த உணவைக் கொண்டே நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் காட்டினார்.

அவர் மைந்தர் டாக்டர் வி. மோகன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடந்த பெரிய ஆய்வைச் சென்னையிலிருந்து வழிநடத்தினார். 2008-இல் தொடங்கிய அவ்வாய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டு என்பது தெரிந்தது. இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தே வருகின்றது என்றும் அவ்வாய்வு கண்டது. 2022-இல் வெளியான அதன் மற்றொரு பகுதி, 18,090 பேரின் உணவுக் கணக்கை ஆராய்ந்தது. புதிதாக நோயுற்றோர் நோயினின்று மீள, மாவுப்பொருளை 49 முதல் 54 விழுக்காடு அளவுக்குக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காட்டின் அருகே உயர்த்த வேண்டும் என்று அது கணித்தது. தந்தை காலத்தில் சோறு கூடுதலாகவே இருந்தது. மைந்தர் காலத்தில் குறைக்கும்படி கூறப்படுகின்றது. இது முரண்பாடு அன்று. உடலுழைப்பு குறைந்தது, தீட்டிய அரிசியும் மைதாவும் சர்க்கரையும் பெருகின. காலம் மாறியது, அளவும் மாறியது.

தில்லியில் நடந்தது

மாவுப்பொருளை மிகமிகக் குறைக்கும் உணவுமுறை நம் தில்லியிலேயே முறையாக ஆராயப்பட்டது என்பதைப் பலர் அறியார். ஆராயப்பட்டது நீரிழிவுக்கு அன்று. குழந்தைகளின் வலிப்பு நோய்க்கு. நோன்பிருந்தால் வலிப்பு தணியும் என்பது பழைய அனுபவம். 1921-இல் அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், நோன்பின் பயனை உணவாலேயே பெறலாம் என்று கருதி, கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவை வகுத்தார். அதன் எளிய வடிவம் ஒன்று 2003-இல் தோன்றியது. அதற்கு மருத்துவமனையில் தங்கிப் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை, வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

1956-இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், மருந்துகளுக்கு அடங்காத வலிப்புடைய 102 குழந்தைகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. முடிவு 2013-இல் வெளிவந்தது. ஐம்பது குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் அளவே மாவுப்பொருள். ஏனையோர்க்கு வழக்கமான உணவு. மருந்துகள் இரு சாரார்க்கும் தொடர்ந்தன. மூன்று திங்கள் கழிந்தபின் பார்த்தபோது, உணவு மாறிய குழந்தைகளுள் 52 விழுக்காட்டினர்க்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மற்றவருள் அவ்வாறு குறைந்தோர் 11.5 விழுக்காட்டினரே. பின்னர் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்கள், படிப்பு குறைந்த பெற்றோரும் கைக்கொள்ளத்தக்கவாறு இம்முறையை எளிமையாக்கி, அதன் பயனை 2016-இல் வெளியிட்டனர்.

பத்துக் கிராம் என்பது எவ்வளவு? ஓர் இட்லியில் இருப்பதைவிடக் குறைவு. தம் குழந்தையின் நலத்துக்காகத் தாய்மார் நாள்தோறும் அதனை அளந்து கொடுத்தனர். அக்குழந்தைகளுக்குப் பின்னால் மருத்துவரும் உணவியலாரும் இருந்தனர். வீடு முழுவதும் ஒத்துழைத்தது. முறையின் வெற்றிக்கு உணவு ஒரு பாதி. துணை மறு பாதி. எங்கள் நண்பரிடம் இல்லாதிருந்தது இந்த மறு பாதியே.

நமக்குரிய படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன சில. முதலாவது, தானே தொடங்கலாகாது. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் சோற்றைக் குறைத்தால் மருந்தையும் குறைக்க நேரலாம். இல்லையேல் சர்க்கரை அபாயமாகத் தாழும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளை உண்போர்க்குக் கீட்டோன் மிகுந்து இரத்தம் புளிக்கும் ஆபத்தும் உண்டு. சிறுநீரக நோயர், கருவுற்ற தாய்மார், பிறவி வகை நீரிழிவுடையோர் ஆகியோர் மருத்துவர் கண்காணிப்பு இன்றி இதில் இறங்குதல் தகாது. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் நன்று.

இரண்டாவது, படிப்படியாகச் செல்க. முதல் வாரம் சர்க்கரையும் இனிப்பும்; அடுத்து இரவுச் சோறு அல்லது சப்பாத்தி; அதன்பின் காலைச் சிற்றுண்டி; இறுதியில் பகற்சோறு. ஒவ்வொரு படியிலும் எடுத்த இடத்தை நிரப்ப முட்டையோ மீனோ இறைச்சியோ கீரையோ வருதல் வேண்டும். பலர்க்கு இடையிலுள்ள ஒரு படியே போதுமானதாகும். அங்கேயே நின்றுவிடுவது தோல்வி அன்று. இந்தியரின் 62 விழுக்காடு ஐம்பதாக இறங்கினாலே பெரும்பயன் என்பதைச் சென்னை ஆய்வு கூறியதை மறவற்க.

மூன்றாவது, கொழுப்பையும் உப்பையும் நீரையும் மறவற்க. இரத்தக் கொதிப்புக்கோ இதய நோய்க்கோ மருந்துண்போர் மட்டும் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர் மீன் கிடைக்கின்றது. குளிர்காலத்தில் பாலக்கும் வெந்தயக்கீரையும் மலிந்து கிடக்கின்றன. புலால் உண்ணாத இல்லத்தார் பனீர், வெண்ணெய், தேங்காய், பாதாம் ஆகியவற்றைக் கொண்டு இயன்றவரை மாவுப்பொருளைக் குறைக்கலாம். சிலர்க்கு இரத்தத்தில் தீய கொழுப்பு உயர்வதும் உண்டு. சில திங்களுக்கு ஒருமுறை பரிசோதித்தல் கடன். நெடுங்காலப் பயன் பற்றிய ஆராய்ச்சி இன்னும் போதிய அளவு வளரவில்லை என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும்.

தில்லியின் புகழ்பெற்ற ஊனுணவைக் கண்டு மயங்குதலும் வேண்டா. ஜும்மா மசூதிப் பகுதியின் நிகாரி கமீரி ரொட்டியோடு உண்ணப்படுவது. 1947-க்குப் பின் தரியாகஞ்சில் மோதி மகால் உணவகம் புகழ்பெறச் செய்த தந்தூரிக் கோழி நானோடு வருவது. ஊனின்மேல் ரொட்டியையும் சோற்றையும் குறைவின்றி உண்டுவிட்டு, 'நான் ஊனுணவுக்கு மாறிவிட்டேன்' என்பார் இரண்டின் சுமையையும் ஏற்கின்றார்.

எங்கள் நண்பரின் கதையை முடித்துவிடுகின்றேன். அவர் மறுவாரம் தம் மருத்துவரைக் கண்டார். மாத்திரையின் அளவு மாற்றப்பட்டது. நான்கு திங்களில் படிப்படியாக இரவுச் சோறும் காலை இட்லியும் நின்றன. மீனும் முட்டையும் கீரையும் அவ்விடத்தில் வந்தன. பகலில் மட்டும் ஒரு சிறு கிண்ணம் சோறு உண்கின்றார். அதனையும் விட்டால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டபோது, "அது என் அம்மா ஊட்டிய சோறு, அந்த ஒரு கிண்ணம் இருக்கட்டும்" என்றார். அவர் இரத்தச் சர்க்கரை இன்று கட்டுக்குள் உள்ளது.

அன்று மாலை எழுந்த வழக்குக்கு வரலாறு அளிக்கும் தீர்ப்பு இதுவே. ஊன் பகையன்று, சோறும் பகையன்று. பகையாவது அவசரமும் அளவின்மையும். கரிகாலன் பந்தியில் இரண்டிற்கும் இடம் இருந்தது. உடம்பின் நிலையறிந்து, மருத்துவரின் துணையோடும் இல்லத்தாரின் துணையோடும், எதற்கு எவ்வளவு இடம் என்று வகுத்துக்கொள்வது நம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.